ணகரமும் னகரமும் கேட்க வேண்டும்: டார்வின் தமிழ்க் குடும்பங்களின் நன்கொடை வேண்டுகோள்

அன்பார்ந்த உறவுகளுக்கு,

வணக்கம். நாங்கள் வட ஆஸ்திரேலியாவின் டார்வினிலும் அதன் சுற்றுவட்டத்திலும் குடியிருக்கும் சில தமிழ்க் குடும்பங்கள். எங்களில் நர்சுகள் இருக்கிறார்கள், பள்ளி ஆசிரியர்கள் இருக்கிறார்கள், டாக்ஸி ஓட்டுபவர், பலசரக்குக் கடை வைத்திருப்பவர், வேலை ஓய்ந்த பெரியவர்கள் என்று எல்லாருமாகச் சேர்ந்து ஒரு சிறு குழு அமைத்திருக்கிறோம். பூர்வகுடிக் குழந்தைகளுக்கு வரும் காது நோயைத் தடுக்கவும் குணப்படுத்தவும் இங்கே நடக்கும் ஆய்வுக்கு 40,000 டாலர் திரட்டிக் கொடுப்பது எங்கள் நோக்கம். அதற்கு உங்கள் உதவியைக் கேட்டுத்தான் இந்தக் கடிதம்.

இந்த எண்ணம் எங்கள் குழுவில் இருக்கும் ஆசிரியை அக்கா ஒருவரிடமிருந்து தொடங்கியது. அவர் டார்வினுக்குக் கிழக்கே பூர்வகுடி மக்கள் வாழும் ஆர்னம் லேண்டில் ஒரு சிறிய பள்ளியில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் வகுப்பில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருந்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். மற்றப் பிள்ளைகள் எழுந்தால் எழுவான், புத்தகத்தைத் திறந்தால் திறப்பான். அவர்கள் சிரித்து அரை விநாடி கழித்து, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இவனும் சிரிப்பான். முதல் இரண்டு மாதம் அவனை 'கவனம் இல்லாத பிள்ளை' என்றே நினைத்துவிட்டதாக அக்கா இன்றும் வருத்தத்தோடு சொல்வார். கிளினிக்கில் இருந்து வந்தவர்கள் காதுக்குள் விளக்கு அடித்துப் பார்த்தபோது இரண்டு செவிப்பறையிலும் ஓட்டை. ஒன்றில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. 'காது வலிக்குதா?' என்று கேட்டதற்கு இல்லை என்று தலையாட்டினானாம்.

அங்கே இருந்த காலத்தில் அக்கா அங்குள்ள மக்களின் யோல்ஙு மொழியில் கொஞ்சம் பேசக் கற்றுக்கொண்டார். மற்ற ஆசிரியர்கள் திணறிய இடத்தில் இவருக்கு நாக்கு தானாக வளைந்தது. நமக்கு ங, ஞ, ண, ந, ன, ம என்று ஆறு மெல்லினம் இருப்பதுபோல அந்த மொழிக்கும் அதே ஆறு உண்டு. நாக்கை மடித்துச் சொல்லும் ளகரம் உண்டு. நம் ழகரத்துக்கு மிக நெருக்கமான ஓர் ஒலியும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு ணகரத்தையும் னகரத்தையும் பிரித்துச் சொல்லிக் கொடுக்க நாம் எவ்வளவு பாடுபடுகிறோம்! காதில் விரலை வைத்து அடைத்துக்கொண்டு யாரையாவது 'பனம், பணம்' என்று மெதுவாகச் சொல்லச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள். அந்தப் பிள்ளை தன் தாய்மொழியையே அப்படித்தான் கேட்டுக் கற்கிறது. அதன்மேல் பள்ளியில் ஆங்கிலத்தையும் கற்றாக வேண்டும்.

இது எத்தனை பிள்ளைகளுக்கு என்பதையும் சொல்லிவிடுகிறோம். 2001இல் வட, மத்திய ஆஸ்திரேலியாவில் தொலைதூரத்தில் உள்ள 29 ஊர்களில் 6 மாதம் முதல் 30 மாதம் வரையுள்ள 709 குழந்தைகளின் காதுகளைச் சோதித்தார்கள். 91 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு வகை நடுக்காது நோய் இருந்தது. 15 விழுக்காட்டினருக்கு ஓட்டை விழுந்த செவிப்பறை வழியாக நாள்பட்டுச் சீழ் வடிந்தது. இந்த நாள்பட்ட நிலை 4 விழுக்காட்டைத் தாண்டினாலே உடனே கவனிக்க வேண்டிய பெரும் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. உலகத்தின் பணக்கார நாடுகளில் ஒன்றில், நாம் வேலை தேடியும் அடைக்கலம் தேடியும் வந்து சேர்ந்த நாட்டில், இந்த மண்ணின் முதல் மக்களுடைய பிள்ளைகளின் நிலை இது.

ஏன் இப்படி? கைக்குழந்தைகளுக்கு மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய் குட்டையாகவும் படுக்கை வாட்டமாகவும் இருக்கும். மூக்கில் தங்கும் கிருமி சுலபமாகக் காதுக்கு ஏறிவிடும். நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மொராக்செல்லா ஆகிய மூன்றும்தான் முக்கியக் கிருமிகள். டார்வினில் 1985இல் தொடங்கப்பட்ட மென்சீஸ் சுகாதார ஆய்வு நிறுவனத்தார் தொண்ணூறுகளிலேயே ஒன்றைக் கண்டறிந்தார்கள்: தொலைதூர ஊர்களில் பிறக்கும் குழந்தையின் மூக்கில் இந்தக் கிருமிகள் பிறந்த சில வாரங்களுக்குள்ளேயே குடியேறிவிடுகின்றன. அவை எவ்வளவு சீக்கிரம் வருகின்றனவோ, அவ்வளவு சீக்கிரம் காது நோயும் வருகிறது, வந்தால் போக மறுக்கிறது. நகரத்துக் குழந்தைக்குக் காதில் நோய் வந்தால் வீட்டையே தலைகீழாக்கி அழும், காய்ச்சல் அடிக்கும், நாமும் டாக்டரிடம் ஓடுவோம். அங்கே பெரும்பாலும் காய்ச்சலும் இல்லை, அழுகையும் இல்லை. செவிப்பறைக்குப் பின்னால் பசை போன்ற நீர் கோத்து, வீங்கி, ஒருநாள் பறை கிழிந்து தலையணையில் சீழ் படிந்திருப்பதைப் பார்க்கும்போதுதான் வீட்டாருக்கே தெரிகிறது.

தாய்மாரைக் குறை சொல்ல இதில் எதுவும் இல்லை. வீடுகள் போதாமல் ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்கின்றன. குழாய் பழுதானால் சரிசெய்ய ஆள் எங்கிருந்தோ வர வேண்டும். மழைக்காலத்தில் சாலை மூழ்கிவிட்டால் சிறிய விமானம் ஒன்றே வழி. சளி பிடித்த ஒரு குழந்தையிடமிருந்து இன்னொரு குழந்தைக்குக் கிருமி தாவ அங்கே எல்லா வசதியும் இருக்கிறது, கை கழுவத்தான் வசதி குறைவு. வீட்டுப் பிரச்சினையை எங்கள் குழுவால் தீர்க்க முடியாது. அதை அரசு செய்தே ஆக வேண்டும் என்று எங்கள் மக்கள் பிரதிநிதிகளுக்குத் தனியாக எழுதிக்கொண்டுதான் இருக்கிறோம்.

சீழ் வடியும் காதுக்கு அங்கே என்ன செய்கிறார்கள் என்பதை எங்கள் குழுவில் உள்ள நர்ஸ் தங்கை ஒரு கூட்டத்தில் செய்தே காட்டினார். டிஷ்யூ காகிதத்தைக் கிழித்து, நாம் விளக்குக்குத் திரி திரிப்பதுபோலவே விரல்களுக்கு நடுவே முறுக்கிக் கூர்மையாக்க வேண்டும். அதைக் குழந்தையின் காதுக்குள் மெல்லச் செலுத்தி, சீழை உறிஞ்சும்வரை கொஞ்ச நேரம் விட்டு, திருகி எடுக்க வேண்டும். முதல் திரி மஞ்சளாக நனைந்து வரும். அதைப் போட்டுவிட்டு அடுத்தது. இப்படி நாலு, ஐந்து, ஆறு. திரியின் நுனி காய்ந்து வந்த பிறகுதான் சொட்டு மருந்து. மருந்து விட்டதும் காதுத் துளைக்கு முன்னால் இருக்கும் சிறு மடலைப் பலமுறை அழுத்தினால்தான் அது உள்ளே இறங்கும். இவ்வளவையும் ஒரு நாளைக்குப் பலமுறை, காது காயும்வரை வாரக்கணக்கில் செய்ய வேண்டும். இரண்டு வயதுக் குழந்தை எத்தனை நேரம் ஆடாமல் படுத்திருக்கும் என்று பெற்றவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதைப் பொறுமையாகச் செய்கிற பாட்டிமார் அங்கே ஏராளம் என்றும் அந்தத் தங்கை சொன்னார். (நம் வீடுகளில் காது வலி என்றால் எண்ணெய் காய்ச்சி ஊற்றும் வழக்கம் இன்னும் இருக்கிறது. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அது கெடுதல். இந்தக் கடிதத்தைப் படித்த அளவில் அதையாவது விட்டுவிடுங்கள்.)

'இதற்கு மருந்துதான் இருக்கிறதே, இன்னும் எதற்கு ஆய்வு?' என்று எங்களையே பலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. மற்ற ஊர்க் குழந்தைகளுக்குக் கேட்கும் மருந்து இங்கே கேட்பதில்லை என்பதுதான் பதில். எது கேட்கும் என்பதை இங்கேயே, இந்தக் குடும்பங்களோடு சேர்ந்தே பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. 2003இல் வெளியான ஓர் ஆய்வில், பூர்வகுடி மக்களே நிர்வகிக்கும் சுகாதார நிலையங்கள் 111 குழந்தைகளிடம் இரண்டு வகைச் சொட்டு மருந்துகளை ஒப்பிட்டன. வழக்கமான மருந்தில் ஏறத்தாழ 52 விழுக்காட்டினருக்குச் சீழ் நின்றது, சிப்ரோஃப்ளாக்சசின் சொட்டு மருந்தில் 76 விழுக்காட்டினருக்கு நின்றது. 2008இல் வந்த இன்னோர் ஆய்வு, காதில் நீர் கோத்த 103 கைக்குழந்தைகளை எடுத்துக்கொண்டது. அவர்களில் ஒரு பாதிக்கு அமாக்சிசிலின் என்ற கிருமிக்கொல்லி மருந்தை ஆறு மாதம்போல் தொடர்ந்து கொடுத்தபோது, செவிப்பறை கிழிந்தது அந்தப் பக்கத்தில் 12 விழுக்காட்டினருக்கு, மருந்து கொடுக்காத பக்கத்தில் 27 விழுக்காட்டினருக்கு. ஆனால் காது முழுதாக நலமடைந்தது பத்தில் ஒரு குழந்தைக்குத்தான். மருந்து கொடுக்காத பக்கத்தில் ஒரு குழந்தைக்குக்கூட ஆகவில்லை.

தடுப்பூசியின் கதையும் இப்படித்தான். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2001இல் முதலில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கே இலவசமாக வந்தது. ரத்தத்திலும் நுரையீரலிலும் வரும் கொடிய நோயைத் தடுத்து உயிர் காத்தது. காது நோயை அது அடியோடு போக்கவில்லை. ஊசி போடும் வயதுக்கு முன்பே கிருமி வந்துவிடுகிறதே என்று, பிறந்து நாலே வாரத்தில் ஊசியைத் தொடங்கி, இரண்டு விதத் தடுப்பூசிகளை அடுத்தடுத்துக் கொடுத்து 425 குழந்தைகளிடம் மென்சீஸ் ஆய்வாளர்கள் பார்த்தார்கள். அமாண்டா லீச், பீட்டர் மாரிஸ் போன்றவர்கள் பல்லாண்டுகளாக இதிலேயே உழைப்பவர்கள். குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தி பரவலாகக் கிடைத்தது, ஏழாம் மாதத்தில் காதைப் பார்த்தபோதோ பெரிய வித்தியாசம் இல்லை. அந்த முடிவையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். எங்களுக்கு அவர்கள்மேல் நம்பிக்கை வந்ததே அதைப் படித்த பிறகுதான். பலன் தராத ஒன்றைப் பலன் தராது என்று சொல்பவர்களிடம் பணத்தைக் கொடுக்கலாம்.

எலும்பு வழியாக ஒலியைக் கடத்தும் ஹெட்ஃபோனைப் போட்டுவிட்டால் சிகிச்சைக்குக் காத்திருக்கும் பிள்ளை அதுவரை வகுப்பில் பாடம் கேட்க முடியுமா, மூக்கால் பலூன் ஊதினால் காதில் கோத்த நீர் வடியுமா என்றெல்லாமும் ஆய்வாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள்.

இந்த ஆய்வுகள் எல்லாவற்றையும் தாங்கி நிற்பவர்கள் அந்தந்த ஊர் மக்கள். காதைச் சோதிக்கவும் திரி போடவும் செவிப்பறை அசைவை அளக்கவும் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்ணோ ஆணோ இருந்தால், அவரால் தாயிடம் தாயின் மொழியிலேயே பேச முடியும். யார் வீட்டுப் பிள்ளை எந்தப் பாட்டி வீட்டில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மாதம் ஒருமுறை விமானத்தில் வந்து போகும் டாக்டருக்கு எப்படித் தெரியும்? ஆய்வுக்கான அரசு மானியம் மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று வரும், முடிந்துவிடும். அடுத்தது வருவதற்குள் பயிற்சி பெற்றவர் வேறு வேலைக்குப் போய்விடுவார், அப்புறம் எல்லாம் முதலில் இருந்து. ஆகவே நாம் கொடுப்பது முதலில் இந்த உள்ளூர்ப் பணியாளர்களின் சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் போக வேண்டும் என்பது எங்கள் குழுவின் விருப்பம். மென்சீஸ் நிறுவனம் எங்களிடம் வந்து கேட்கவில்லை, நாங்களாகவே செய்கிறோம். திரளும் தொகை முழுவதும் காது நல ஆய்வுக்கு என்று குறிப்பிட்டு அந்த நிறுவனத்திடமே ஒப்படைக்கப்படும். குழுவின் செலவுக்கென்று அதில் ஒரு சதம்கூட எடுக்க மாட்டோம். அச்சுக்கும் மண்டபத்துக்கும் ஆகும் செலவை எங்கள் குடும்பங்களே ஏற்றுக்கொண்டிருக்கின்றன.

இன்னொரு கேள்வியும் வந்தது, அதை ஓர் இளைஞர் சற்றுக் கோபமாகவே கேட்டார்: 'இந்த மக்களை ஆராய்ந்தது போதாதா?' அவர் கோபம் சரியானது. கேட்காமல் ரத்தம் எடுத்ததும், முடிவைச் சொல்லாமல் போனதும் இந்த நாட்டின் பழைய கதை. ஊர்ப் பெரியவர்களின் ஒப்புதல், புரியும் மொழியில் விளக்கம், முடிவை ஊருக்குத் திரும்பக் கொண்டுவந்து சொல்வது ஆகியவை இல்லாமல் இன்று எந்த ஆய்வும் நடக்கக் கூடாது. சிட்னி ரெட்ஃபெர்னில் 1971இல் தங்களுக்கென ஒரு மருத்துவ நிலையத்தைத் தாங்களே தொடங்கியவர்கள் பூர்வகுடி மக்கள். எது வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். நாம் பணம் கொடுக்கிறோம், வழி அவர்களுடையது.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒன்றே ஒன்று. டார்வின் இருக்கும் வடக்குப் பிரதேசத்தின் சிறைகளில் பூர்வகுடிக் கைதிகளின் காதைச் சோதித்தபோது பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் கேட்கும் திறன் குறைந்திருந்தது. காது நோய்தான் அவர்களைச் சிறைக்கு அனுப்பியது என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் கேட்ட கேள்வியே காதில் விழாமல் நிற்பவரின் மௌனத்தைத் திமிர் என்று எடுத்துக்கொள்வது எவ்வளவு சுலபம் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பையனை வகுப்பில் அக்காவே இரண்டு மாதம் அப்படித்தான் தவறாக எடைபோட்டிருந்தார்.

எங்கள் குடும்பங்கள் 6,000 டாலர் போட்டுத் தொடங்கியிருக்கிறோம். 10 டாலரும் வேண்டும், 1,000 டாலரும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் வரி கட்டுபவர்கள் எங்களிடம் தராமல் நேரடியாக நிறுவனத்துக்கே, 'காது நல ஆய்வு' என்று எழுதிச் செலுத்துங்கள். 2 டாலரோ அதற்கு மேலோ கொடுப்பதற்கு வரிச்சலுகை உண்டு, ரசீதும் உங்கள் பெயரிலேயே வரும். செலுத்தியதும் தொகையை மட்டும் எங்களுக்குச் சொன்னால் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். ரொக்கமாகத் தர விரும்பும் பெரியவர்கள் எங்கள் பொருளாளரிடம் கொடுத்துக் கையெழுத்திட்ட ரசீது வாங்கிக்கொள்ளலாம். ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். பிறந்தநாள் விழாவில் பரிசுக்குப் பதில் இதற்குத் தரச் சொல்லலாமா என்று இரண்டு குடும்பங்கள் கேட்டிருக்கின்றன. தாராளமாகச் சொல்லலாம். பொம்மை, உடை, பழைய காது கேட்கும் கருவி இவற்றை அனுப்ப வேண்டாம், அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்க்க எங்களுக்கு வழியில்லை.

நிதியாண்டு முடியும் ஜூன் 30 கடைசி நாள். ஜூலை மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை, தமிழ்ப் பாடம் நடக்கும் அதே மண்டபத்தில் கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள் எல்லார் முன்னிலையிலும் கணக்கு வாசிக்கப்படும். அன்று அந்த ஆசிரியை அக்காவும் வருவார். பையன் இப்போது எப்படி இருக்கிறான் என்பதை அவரிடமே கேளுங்கள்.

இப்படிக்கு,
நன்கொடைக் குழுவினர்
டார்வின், பூர்வகுடி லராக்கியா மக்களின் மண்