முதல் மாதிரிக்கு யார் பணம் தருவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையின் சிறு நிறுவனங்கள் ராணுவத்துக்காகச் செய்யும் ஆராய்ச்சி பற்றிச் சென்ற இதழில் நீங்கள் வெளியிட்ட கட்டுரையை, தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள எங்கள் பட்டறையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படித்தேன். நான் கோவை கணபதியில் லேத் பிடித்துப் பழகியவன். 1998-இல் இங்கே வந்தேன். சேலத்திலிருந்து வந்த ஃபிட்டர் தம்பியும், டர்பனிலேயே பிறந்து வளர்ந்த என் கூட்டாளியும், தினமும் எங்களோடு தேநீர் குடிக்க வரும் பக்கத்து வீட்டுத் தாத்தாவும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். படித்து முடித்ததும் தம்பி சுவரோரம் இருந்த பம்பைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பம்பைப் பற்றியும், இப்படி ராணுவத்துக்காகப் புதிதாக ஒன்றைச் செய்து பார்க்கும் சிறு பட்டறைக்கு அரசு பணம் தருவது பற்றியும்தான் இந்தக் கடிதம்.

2022 ஏப்ரலில் டர்பனைப் புரட்டிப்போட்ட வெள்ளத்தை உங்கள் வாசகர்கள் மறந்திருக்கலாம். நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். எங்களுக்கு வடக்கே இருக்கும் டோங்காட் ஊரின் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சிதைந்துபோனது. நம்மவர்கள் நிறையப் பேர் வாழும் ஊர் அது. பல மாதங்கள் குழாயில் தண்ணீர் வரவில்லை. என் கூட்டாளியின் அக்கா வாளியோடு லாரிக்காகக் காத்து நின்றதை நானே பார்த்தேன். மீட்புப் பணிக்கு வந்த ராணுவ வீரர்களுக்கும் குடிக்க நல்ல தண்ணீர் வேண்டுமே என்ற எண்ணத்தில்தான், காலால் மிதித்து இயக்கும் வடிகட்டும் பம்பு ஒன்றைச் செய்யத் தொடங்கினோம். மின்சாரம் வேண்டாம், டீசல் வேண்டாம். ஒருவர் முதுகில் சுமந்து போகலாம்.

முதல் மாதிரியைப் பித்தளையில் செய்தோம். ஒன்பது கிலோ வந்தது. அலுமினிய வார்ப்புக்கு மாறியதும் ஆறு கிலோவுக்குள் அடங்கியது. எடையைவிட மண்தான் எங்களைப் பாடாய்ப் படுத்தியது. வெள்ள நீரில் மிதந்து வரும் நுண்மணல் பிஸ்டனின் ரப்பர் வாஷருக்குள் புகுந்துகொண்டு இரண்டே நாளில் அதை அரித்துவிடும். மூன்றாம் நாள் மிதித்தால் மிதிகட்டைப் பக்கமிருந்து தண்ணீர் கசியும். தம்பி பழைய அடிபம்புகளை நினைத்துக்கொண்டு தோல் வாஷரை எண்ணெயில் ஊறவைத்துப் போட்டுப் பார்த்தான். அது தாங்கியது. ஆனால் உலரவிட்டால் சுருங்கியது. கடைசியில் வாஷருக்கு முன்னால் ஒரு சின்ன கம்பளி வளையம் வைத்தோம். மணல் அதிலேயே தங்கிவிட்டது. கம்பளியைக் கழற்றிக் கழுவி மறுபடி மாட்டிக்கொள்ளலாம். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஏழு மாதம் ஆயிற்று, அதுவும் இரவு நேரங்களில், கூலி வேலை முடிந்த பிறகு.

பம்பைத் தூக்கிக்கொண்டு, ராணுவத்துக்குப் பொருள் வாங்கும் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்தின் சோதனைச் சான்றிதழ், தணிக்கை செய்த மூன்று ஆண்டுக் கணக்கு, இதற்கு முன் ராணுவத்துக்குப் பொருள் கொடுத்ததற்கான ஆதாரம், இவ்வளவும் வேண்டும் என்றார். சோதனைக்குக் கேட்ட தொகை பம்பு செய்ய ஆன செலவைப்போல மூன்று மடங்கு. முன்பு கொடுத்திருந்தால்தான் இப்போது கொடுக்கலாம் என்றால் முதன்முதலாக எப்போது கொடுப்பது? பம்பு மறுபடி சுவரோரம் போய்விட்டது.

அமெரிக்காவில் இந்தச் சிக்கலுக்கென்றே ஒரு சட்டம் இருக்கிறது. 1982-இல் வந்த சிறுதொழில் புத்தாக்க வளர்ச்சிச் சட்டம் அது. வெளியாருக்கு ஆராய்ச்சிப் பணம் தரும் பெரிய அரசுத் துறைகள் அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஐந்நூறு பேருக்கு மேற்படாத நிறுவனங்களுக்கென்று ஒதுக்கியே ஆக வேண்டும். 0.2 சதவீதத்தில் தொடங்கிய அந்தப் பங்கு 3.2 சதவீதம் வரை உயர்ந்தது. அதில் மிகப் பெரிய தொகை பாதுகாப்புத் துறையிலிருந்து வருகிறது. ராணுவம் தன் தேவைகளைக் கேள்விகளாக எழுதி எல்லோரும் பார்க்க வெளியிடுகிறது. முதல் கட்டத்தில் ஏறக்குறைய ஆறு மாதத்துக்குச் சிறு தொகை: இது நடக்குமா என்று பார்த்துச் சொல். நடக்கும் என்றால் இரண்டாம் கட்டத்தில் மாதிரி செய்ய இரண்டு ஆண்டு அளவுக்குப் பணம். மூன்றாம் கட்டத்தில் இந்தத் திட்டத்தின் பணம் கிடையாது. ஆனால் மறுபடி ஏலம் விடாமல் அந்த நிறுவனத்திடமே ராணுவம் பொருளை வாங்கலாம். நிறுவனத்தில் அரசு பங்கு கேட்பதில்லை.

செல்பேசிச் சில்லு செய்யும் குவால்காம் நிறுவனம் சின்னதாக இருந்தபோது இந்தப் பணம் அதற்குக் கைகொடுத்தது. வீடு பெருக்கும் ரோபோவால் பெயர்பெற்ற ஐரோபாட் நிறுவனத்துக்கும் அப்படியே. ஏவுகணைத் தடுப்பு ஆய்வுக்காகத் தரப்பட்ட தொகையில் வளர்ந்த லேசர் நுட்பம், கண் அறுவையின்போது அசையும் விழியைப் பின்தொடரும் கருவியாக மாறியது. அங்கேயும் குறை இருக்கிறது. விண்ணப்பம் எழுதுவதையே தொழிலாக்கிக்கொண்டு, ஒரு பொருளும் சந்தைக்குக் கொண்டுவராமல் ஆண்டுதோறும் தொகை வாங்கும் நிறுவனங்கள் உண்டு. அதற்காகத் திட்டமே வேண்டாம் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

தாத்தா ஏற்கவில்லை. ராணுவப் பணத்தைத் தொடவே கூடாது என்றார். அவர் பேச்சை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இனவெறி ஆட்சிக் காலத்தில் குடியிருப்புகளுக்குள் காஸ்பிர் கவச வண்டிகள் நுழைந்ததைக் கண்ணால் கண்டவர். அந்தப் பெயரே இந்நாட்டுப் போலீசின் ஆங்கிலச் சுருக்கமான எஸ்.ஏ.பி.யின் எழுத்துகளையும், அதை உருவாக்கிய, இங்குள்ள சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வு நிறுவனத்தின் எழுத்துகளையும் கலைத்துக் கோத்ததுதான். கண்ணிவெடியின் வேகத்தைப் பக்கவாட்டில் சிதறடிக்கும் அதன் ‘வி’ வடிவ அடிப்பாகம் பிற்காலத்தில் வேறு நாடுகளில் எத்தனையோ உயிர்களைக் காத்தது. அதே வண்டிதான் இங்கே பிள்ளைகளைத் துரத்தவும் பயன்பட்டது. 1977-இல் ஐ.நா. ஆயுதத் தடை விதித்த பிறகு, அரசின் ஆயுத நிறுவனமான ஆர்ம்ஸ்கோர் உள்நாட்டுத் தனியார் நிறுவனங்கள் பலவற்றுக்கு வேலை கொடுத்தது. எல்லாம் ரகசியம். யார் எதைச் செய்கிறார்கள் என்று கேட்கும் உரிமை தாத்தாவுக்கு இல்லை.

ஆகவேதான் கேள்விகள் பகிரங்கமாக வர வேண்டும் என்கிறேன். ராணுவம் என்ன கேட்கிறது என்பது பத்திரிகையில் வந்தால், தாத்தாவும் படித்து ‘இது ஆகாது’ என்று சொல்லலாம். நானும் எனக்கு ஒப்பாததை விட்டுவிட்டு, தண்ணீர் பம்புக்கு மட்டும் பதில் எழுதலாம்.

பணம் எங்கே என்று கேட்பார்கள். தென்னாப்பிரிக்காவின் பாதுகாப்புச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு என்பது உண்மைதான். ஆனால் 1999-இல் ஏறக்குறைய 30 பில்லியன் ராண்டுக்குக் கப்பல்களும் விமானங்களும் நீர்மூழ்கிகளும் வாங்க ஒப்பந்தம் போட்டபோது, வெளிநாட்டு நிறுவனங்கள் பதிலுக்கு இங்கே தொழில் வளர்க்கும், 65,000 வேலைகள் வரும் என்று ஆட்சியாளர்கள் வாக்குக் கொடுத்தார்கள். எங்கள் தெருவில் இருக்கும் பட்டறைகளில் ஒன்றுகூட அதனால் ஒரு போல்ட்டும் கடையவில்லை. பெரியவர்கள் வழியாகக் கீழே வடிந்து வரும் என்று காத்திருந்தது போதும். ஆராய்ச்சிக்கு என்று இருக்கும் தொகையில் அமெரிக்கா தொடங்கிய அந்த 0.2 சதவீதத்தையாவது ஒதுக்கட்டும். இவ்வளவு சிறிய தொகையால் எந்தக் கப்பலும் நின்றுவிடாது.

உங்கள் கட்டுரையில் குறிப்பிட்டிருந்த, இந்தியப் பாதுகாப்பு அமைச்சகத்தின் ஐடெக்ஸ் திட்டம், 2018-இல் தொடங்கியது, இதே வழியில்தான் போகிறது. ராணுவத்தின் கேள்வி, ஒன்றரைக் கோடி ரூபாய் வரை உதவித்தொகை, பிறகு கொள்முதல். படித்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. ஒரே ஒரு குறை மட்டும் உறுத்தியது. அந்தக் கேள்விகள் ஆங்கிலத்தில் வருகின்றன. கணபதியிலும் பீளமேட்டிலும் கையால் தொட்டே உலோகத்தின் குணம் சொல்லக்கூடிய எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். அவர்கள் அந்தப் பக்கங்களைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். ஒவ்வொரு சுற்றுக் கேள்விகள் வெளியாகும்போதும், அவற்றில் சிறு பட்டறைகள் செய்யக்கூடியவற்றைத் தேர்ந்து, நல்ல தமிழில், அளவுகளோடு உங்கள் இதழில் வெளியிடுங்கள். மொழிபெயர்ப்பில் தொழிற்சொற்களைச் சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நானும் தம்பியும் இருக்கிறோம். இரவு எட்டு மணிக்கு மேல் எங்களுக்கு வேலை இல்லை.

இப்படிக்கு,
டர்பனிலிருந்து ஒரு லேத் பட்டறைக்காரர்