ஒரு திர்ஹம் படகும் பறக்கும் டாக்சியும்

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய பறக்கும் டாக்சி வீடியோவுக்குக் கட்டைவிரல் மட்டும் போட்டேன் என்று கோபமாமே. நைட் டூட்டிடா. இன்றைக்கு லீவு, அதனால் கடிதமாகவே எழுதுகிறேன்.

வீடியோ பொய்யில்லை. ஜோபி என்ற அமெரிக்கக் கம்பெனியோடு இங்கே துபாயில் 2024 பிப்ரவரியில் ஒப்பந்தம் போட்டார்கள். ஆறு விசிறி, பேட்டரியில் ஓடுகிறது. நின்ற இடத்திலிருந்தே மேலே எழும்பி, அப்புறம் விசிறிகளை முன்பக்கம் சாய்த்துக்கொண்டு விமானம்போலப் போகும். ஏர்போர்ட்டிலிருந்து பாம் ஜுமைரா தீவுக்குக் காரில் முக்கால் மணி நேரம் ஆகிற தூரத்தை, பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் கடந்துவிடுமாம்.

நான் அவ்வளவு சீக்கிரம் நம்புகிற ஆள் இல்லை. 2017-இல் வோலோகாப்டர் என்ற ஜெர்மன் வண்டியை, 18 விசிறியோடு, ஆளில்லாமல் இங்கே பறக்கவிட்டுக் காட்டினார்கள். அடுத்த வருஷமே ஏறப்போகிறோம் என்று ரூமில் எல்லோரும் பேசிக்கொண்டோம். அந்தக் கம்பெனி 2024 டிசம்பரில் திவால் மனு போட்டது.

சரி, இது ஓடும் என்றே வைத்துக்கொள். 28 வருஷம் கண்டக்டராக இருந்தவன் நீ, கணக்கைப் பார். பைலட் போக நாலு சீட். ஸ்டாண்டிங் கிடையாது. ஒரு இடத்திலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒன்று கிளம்பினாலும் மணிக்கு 48 பேர். காலை எட்டு மணி ட்ரிப்பில் படிக்கட்டில் தொங்கியவர்களையும் சேர்த்தால் உன் ஒரு பஸ்ஸே அதைத் தாண்டிவிடும். சீட்டைக் கூட்டுவதும் லேசில்லை. எண்ணெய் விமானம் என்றால் பறக்கப் பறக்கப் பாரம் குறையும். பேட்டரி தீர்ந்தாலும் அதே கனம்தான். டாக்சி என்று சொல்லட்டும், ஒத்துக்கொள்கிறேன். பொதுப் போக்குவரத்து என்னும்போதுதான் சிரிப்பு வருகிறது.

நேற்று சாயங்காலம் இங்கே கடல்கழியின் ஒரு கரையான தேராவிலிருந்து எதிர்க்கரை பர்துபாய்க்கு அப்ராவில் போனேன். மரப்படகு. நடுவில் பலகை, முதுகோடு முதுகு ஒட்டி இருபது பேர். படகுக்காரர் நடுப்பள்ளத்திலிருந்தே ஓட்டுகிறார். கட்டணம் ஒரு திர்ஹம். காசு கைமாறிக் கைமாறி அவரிடம் போய்ச் சேருகிறது. எனக்கு ஒரு பக்கம் கேமராவோடு வெள்ளைக்காரத் தம்பதி, மறுபக்கம் சிமெண்ட் ஒட்டிய ஷூவோடு ஒரு பையன். அந்த டீசல் புகையிலும் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டான். கரை வந்ததும் எழுப்பிவிட்டேன்.

சென்னை ஐஐடியில் பிறந்த இபிளேன் கம்பெனியும் இப்படி ஒரு பறக்கும் டாக்சி செய்கிறது. அதை ஆம்புலன்ஸாகவும் ஓட்டப்போகிறார்களாம். அதற்கு இரண்டு கையையும் தூக்குவேன். உயிருக்குப் போராடுகிற ஒருவருக்கு முன்னால் இந்த சீட்டுக் கணக்கெல்லாம் எதற்கு?

தங்கச்சிக்கு முட்டி வலி தேவலையா? தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். பொங்கலுக்குத் திருச்சியில் இறங்கி டவுன் பஸ்ஸில்தான் வருவேன். பெட்டி ரெண்டும் பெரிசு. லக்கேஜ் டிக்கெட் கேட்டு உன் ஆட்கள் தகராறு பண்ணுவார்கள், நீ ஸ்டாண்டுக்கே வந்துவிடு.

உன்,
துபாய்க்காரன்