தற்காலிகமாக மூடப்பட்டது

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் நலம்தானே.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. சின்னவன் லீவுக்கு ஆர்லாண்டோ போகிறோம், டிஸ்னி வேர்ல்டுக்கு டிக்கெட் போட்டாச்சு என்று சொல்லிவிட்டு, "அப்பா, நாம போன அந்த நீர்மூழ்கிக் கப்பல் இருக்கே, அதை ஏன்ப்பா மூடினாங்க? நான் தேடித் தேடிப் பார்த்தேன், மேப்பிலேயே காணோம்" என்றாய். நான் "அது பழசாயிடுச்சும்மா" என்று சொல்லி, பேச்சை அம்மாவிடம் தள்ளிவிட்டேன். அம்மா நேரே உன் தலைமுடி கொட்டுவதைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். என் பிழைப்பு தப்பியது.

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்த விஷயத்தில் உனக்கு ஒரு பழைய பாக்கி வைத்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

1993ல் நாம் போனபோது உனக்கு ஐந்து வயது. அப்பத்தாவும் நம்மோடு இருந்தாள். டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவில் எத்தனையோ இருக்க, நீ அந்தக் குளத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாய். பச்சைநீலத் தண்ணீரில், முதுகில் முள் வைத்த மீன் மாதிரி கறுப்புப் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. '20,000 லீக்ஸ் அண்டர் த ஸீ' என்று அதற்குப் பெயர். ஜூல்ஸ் வெர்ன் கதையில் வரும் கேப்டன் நீமோவின் நாட்டிலஸ் நீர்மூழ்கிக் கப்பலைப் போலவே செய்திருந்தார்கள். வெயிலில் அவ்வளவு நேரம் வரிசையில் நின்றோம். நீ ஒருமுறைகூட 'கால் வலிக்குது' என்று சொல்லவில்லை. அதுவே எனக்கு ஆச்சரியம்.

படகின் மேலே ஒரு துவாரம், அதற்குள் செங்குத்தாகப் படிகள். அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஆகாதுப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்று நம் பையையும் உன் தொப்பியையும் வாங்கிக்கொண்டு கம்பி ஓரம் போய் உட்கார்ந்தாள். நாம் இறங்கினோம். உள்ளே குகை மாதிரி இறுக்கம், ஈர வாசனை. ஆளுக்கு ஒரு குட்டி இருக்கை, ஆளுக்கு ஒரு வட்டக் கண்ணாடி. உனக்கு எட்டவில்லை என்று இருக்கையில் மண்டிபோட்டு மூக்கைக் கண்ணாடியில் அழுத்திக்கொண்டாய். கண்ணாடிக்கு வெளியே குபுகுபுவென்று குமிழிகள் கிளம்பின. "அப்பா, உள்ள போறோம்! உள்ள போறோம்!" என்று நீ கத்தியதில் பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரத் தாத்தா சிரித்துவிட்டார். ஆமை, சிப்பி, வட துருவத்துப் பனிப்பாறை, மூழ்கிப்போன நகரம், கடைசியில் ராட்சதக் கணவாய். கணவாய் வந்தபோது நீ என் கையைக் கிள்ளிய இடம் இரண்டு நாள் சிவந்திருந்தது.

வெளியே வந்ததும் அப்பத்தாவிடம் ஓடி, "கடலுக்கு அடியில போனோம்" என்றாய். அவள் தொப்பியை உன் தலையில் மாட்டியபடியே, "என்னத்த அடியில போனீக? மேலயேதான மெதந்துக்கிட்டுத் திரிஞ்சீக, நான்தான் பார்த்துக்கிட்டே இருந்தேனே" என்றாள்.

நீ அழுத அழுகை இருக்கிறதே! நான் அப்பத்தாவை முறைத்தேன். ஆனால் அவள் சொன்னது முழு உண்மை. அந்தப் படகு முங்கவே முங்காது. தண்ணீருக்கு அடியில் போட்ட தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு மேலேயே ஊர்ந்து போகும். சன்னல்கள் மட்டும் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். குமிழியைக் கிளப்பிவிட்டால், உள்ளே இருப்பவனுக்குக் கீழே இறங்குகிற மாதிரி தோன்றும். பாதி வழியில் ஒரு அருவியைத் தாண்டிப் படகு மறைந்ததே, அங்கிருந்து ஒரு கட்டடத்துக்குள் போகிறோம். வெளிச்சம் போய்விடும், ஆழம் வந்தது போல இருக்கும். கணவாய் இருந்தது ஆழ்கடலில் இல்லை, கூரைக்குக் கீழே. எனக்கு உள்ளே இருக்கும்போதே இது புரிந்துவிட்டது, சன்னலின் மேல் ஓரத்தில் வெயில் ஆடிக்கொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

சரி, ஏன் மூடினார்கள் என்பதற்கு வருகிறேன். நான் வேலை பார்த்த காலமெல்லாம் தண்ணீர் சுத்திகரிப்பு, பம்பு, ஃபில்டர் என்றே ஓடிப்போனது உனக்குத் தெரியும். அதனால் எனக்கு முதலில் கண்ணில் படுவது தண்ணீர்தான். அந்தக் குளம் 1 கோடியே 15 லட்சம் கேலன். நம் கணக்கில் 4 கோடியே 35 லட்சம் லிட்டர் பக்கம் வரும். குடிக்கிற தண்ணீர் லேசாகக் கலங்கி வந்தால் ஜனங்கள் போன் போட்டுத் திட்டுவார்கள், அவ்வளவுதான். இங்கே கலங்கினால் வேடிக்கையே செத்துப்போகும். நூறு பேர் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு பாசியையா பார்ப்பார்கள்? ஃப்ளோரிடா வெயிலில், திறந்த வெளியில், அவ்வளவு தண்ணீரைக் கண்ணாடி போல வைத்திருப்பது லேசான காரியமில்லை. பாசியைக் கொல்ல மருந்து போட்டால் அதுவே அடியில் உள்ள பொம்மை மீன்களின் பெயின்டைத் தின்னும். வெயில் மிச்சத்தைத் தின்னும். ஒரு ஆமையின் துடுப்பு கழன்றால்கூட டைவர் முகமூடி மாட்டிக்கொண்டு இறங்க வேண்டும். வருஷா வருஷம் இந்த வேலை. தண்ணீருக்குள் இருக்கிற எந்திரத்துக்கு லீவு கிடையாது என்று எங்கள் ஃபோர்மேன் சொல்வார்.

ஆனால் தண்ணீரை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். பணமிருந்தால் தண்ணீரைச் சமாளிக்கலாம். என் கணக்கில் அதை மூழ்கடித்தது அந்தப் படிக்கட்டுதான்.

யோசித்துப் பார். ஒரு படகில் நாற்பது பேர் வரை. எல்லாரும் குறுகலான துவாரத்தில் ஒருவர் பின் ஒருவராக இறங்க வேண்டும். இடுப்பில் குழந்தை, தோளில் பை, முழங்கால் வலி, இப்படி யாராவது ஒருவர் படியில் இரண்டு நிமிஷம் நின்றால் போதும், அந்தப் படகு நகராது. பின்னால் வரும் படகுகள் எல்லாம் ஒரே தண்டவாளத்தில்தானே, முந்திப்போக வழியில்லை. எல்லாம் குளத்தில் வரிசை கட்டி நிற்கும். கரையில் ஜனங்கள் வரிசை. தண்ணீரில் படகுகள் வரிசை. மொத்தம் 12 படகு. ஒவ்வொன்றுக்கும் ஓட்ட ஒரு ஆள், கரையில் ஏற்றி இறக்க ஆட்கள். அதே பூங்காவில் இதைப் போலவே 1971ல் திறந்த பேய் மாளிகை சவாரி இன்றைக்கும் ஓடுகிறது. அங்கே நாற்காலிகள் ஒரே சங்கிலியில் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், நீ நடந்துபோய் உட்கார வேண்டியதுதான். ஓட்டுநரும் வேண்டாம், குளமும் வேண்டாம். கணக்குப் பிள்ளை எதை வைத்துக்கொள்வான், எதைத் தூக்குவான்?

அப்புறம் இன்னொன்று. அன்றைக்குக் கம்பி ஓரத்தில் பையோடு உட்கார்ந்திருந்தது நம் அப்பத்தா மட்டுமில்லை. சக்கர நாற்காலியில் வந்தவர்கள் அந்தத் துவாரத்தில் எப்படி இறங்குவார்கள்? அமெரிக்காவில் 1990ல் மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டம் வந்தது. புதிதாகக் கட்டுவதும் பெரிதாக மாற்றிக் கட்டுவதும் அவர்களும் பயன்படுத்துகிற மாதிரி இருக்க வேண்டும் என்பது சட்டம். இந்தக் கப்பலை அப்படி மாற்றுவதென்றால் அது வேறு கப்பலாகிவிடும். கம்பெனிக்காரன் கஞ்சத்தனத்தால் மூடிவிட்டான் என்று அதன் ரசிகர்கள் இன்றும் திட்டுகிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மூடியதற்குக் காரணம் இருந்தது. அப்பத்தா இறங்க முடியாத ஒன்றை நாம் எவ்வளவு கொண்டாடினாலும் அதில் ஒரு குறை குறைதான்.

எனக்குப் பிடிக்காதது மூடிய விதம். 1994 செப்டம்பர் 5ம் தேதி கடைசி ஓட்டம். தற்காலிகமாக மூடுகிறோம் என்றுதான் சொன்னார்கள். வழியனுப்பு விழா இல்லை, ஒன்றுமில்லை. இனி திறக்கப்போவதில்லை என்று வெளியே சொன்னது 1996ல். அதற்குப் பிறகும் குளம் பல வருஷம் படகில்லாமல் அப்படியே கிடந்தது. 2004ல்தான் தண்ணீரை வடித்து இடித்தார்கள். பத்து வருஷம்!

1995ல் நாம் மறுபடி போனோம், ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஏழு வயது. நேராக ஓடிப்போய் வெறும் தண்ணீரைப் பார்த்து நின்றாய். "ரிப்பேர் பண்றாங்கம்மா, அடுத்த தடவை போலாம்" என்றேன். அன்றைக்கு எனக்கும் அதுதான் தெரியும், அதில் தப்பில்லை. ஆனால் மறு வருஷம் நாம் பெட்டி கட்டிக்கொண்டு ஊர் திரும்பியபோது, அது நிரந்தரமாக மூடிவிட்டது என்று பேப்பரில் படித்துவிட்டேன். விமானத்தில் நீ, "அடுத்த தடவை வரும்போது சப்மரீன் ரெடியாயிருக்கும்ல?" என்று கேட்டாய். "ஆமாம்" என்றேன். அதற்குப் பிறகு நீ எத்தனை வருஷம் அப்படி நினைத்துக்கொண்டிருந்தாயோ, நான் கேட்கவே இல்லை. அப்பத்தா உண்மையைச் சொன்னதற்கு முறைத்த ஆள் நான்.

அதன் அண்ணன் மாதிரி கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் ஒன்று இருந்தது. 1959ல் திறந்தது. அதையும் 1998ல் மூடினார்கள். ஆனால் குளத்தை விட்டுவைத்தார்கள். 2007ல் டீசலை எடுத்துவிட்டு மின்சாரத்தில் ஓடும்படி செய்து, பொம்மைப் படத்து மீன்களை வைத்துத் திறந்தார்கள். படியில் இறங்க முடியாதவர்களுக்கு மேலேயே தனியாக ஒரு அறை, உள்ளே தெரிகிற காட்சியை அங்கே உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அப்பத்தா இருந்திருந்தால் அங்கேயும் ஏதாவது சொல்லியிருப்பாள். எப்போதாவது அந்தப் பக்கம் போனால் சின்னவனைக் கூட்டிப்போ.

ஆர்லாண்டோவில் குளம் இருந்த பக்கத்தில் இப்போது ஸ்னோ ஒயிட் கதையில் வரும் ஏழு குள்ளர்களின் சுரங்க ரயில் ஓடுகிறது, 2014ல் திறந்தது. பழைய படகில் ஒன்றைப் பஹாமாஸ் பக்கம் டிஸ்னிக்காரர்களுடைய காஸ்டவே கே தீவில் கடலுக்குள் இறக்கிவிட்டார்கள், நீந்துகிறவர்கள் பார்ப்பதற்காக. ஆக, அது ஒருவழியாக முங்கியது. அப்பத்தாவிடம் சொல்ல முடியவில்லையே என்றுதான் இருந்தது.

அதே மேஜிக் கிங்டமில் வின்னி த பூ கரடி சவாரிக்குப் போகும் வரிசையில் ஒரு பெரிய செயற்கை மரம் இருக்கும். அதற்குள் குனிந்து நுழைந்ததும் திரும்பி, நுழைந்த வாசலுக்கு மேலே பார். மரத்திலேயே நாட்டிலஸ் உருவத்தைச் சின்னதாகச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். யாரோ ஒருத்தனுக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. சின்னவனைத் தூக்கிக் காட்டு. என்னது அது என்று கேட்டால் முங்காத கப்பல் என்று சொல்லு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீ போன வருஷமும் கூப்பிட்டாய், இந்த வருஷமும் கூப்பிட்டாய். இரண்டு தடவையும் "அடுத்த தடவை பார்க்கலாம்மா" என்றேன். டாக்டர் முழங்காலைப் பார்த்துவிட்டு அவ்வளவு நேரம் விமானத்தில் மடக்கி உட்காருவது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆபரேஷனுக்கும் என் வயதுக்கு அவர் அவ்வளவாக இஷ்டப்படவில்லை. ஆகையால் நான் வரமாட்டேன் பாப்பா. அடுத்த வருஷமும் வருவேன் என்று சொல்ல மாட்டேன். அம்மாவுக்கு வர ஆசை இருக்கிறது, வெளியே சொல்ல மாட்டாள். அவளுக்குத் தனியாக டிக்கெட் போடு. நான் பத்து நாள் சமைத்துச் சாப்பிட்டுக்கொள்வேன்.

மரத்துக்குள் எடுத்த போட்டோவை வாட்ஸ்அப்பில் அனுப்பு. இருட்டாக இருக்கும், ஃபிளாஷ் போட்டு எடு.

அன்புடன்,
அப்பா