பாரபின் கலக்க வேண்டாம் மக்களே

அன்பு மக்களுக்கு அம்மா எழுதுவது.

மெழுகுதிரி ஆர்டரைப் பற்றி அப்பாவிடம் பேசினேன். மஸ்கட்டில் உன்னோடு வேலை செய்கிறவர்கள் கிறிஸ்துமஸுக்குக் கேட்கிறார்கள் என்றதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. எனக்கும்தான். ஆனால் தேன்மெழுகு போதாவிட்டால் பாதிக்குப் பாதி பாரபின், அதான் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிற கடை மெழுகு, சேர்த்து ஊற்றலாம் என்றாயே, அதற்கு மட்டும் நான் சம்மதிக்க மாட்டேன். போனில் என்றால் ஏதாவது பேசிச் சரிக்கட்டிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

நமக்குப் பிழைப்பு தேன். மெழுகு அதன் கூட வருவது. ரப்பர் தளிர்விடும் மாசத்தில், இலைக்காம்பில் மூன்று இலையும் சேருகிற இடத்தில் ஊறும் தேனைத்தான் நம்ம ஈக்கள் கொண்டுவருகின்றன. அந்தச் சமயம் மழை பெய்து கெடுத்தால் அந்த வருஷமே போச்சு. தேன் எடுக்கும்போது அடையின் மேல்மூடியைச் சீவுகிறோமே, அதிலிருந்துதான் நல்ல மெழுகு. நூறு கிலோ தேன் எடுத்தாலும் ஒன்றிரண்டு கிலோ தேறினால் பெரிய காரியம். அடையையே பிழிந்து உருக்கினால் கூடக் கிடைக்கும்தான். ஆனால் ஒரு கிலோ மெழுகு சுரக்க ஈ பல கிலோ தேனைக் குடித்தாக வேண்டும். அது மறுபடி அடை கட்டி முடிப்பதற்குள் தளிரும் முற்றிவிடும். மிஷினில் சுற்றித் தேன் எடுத்த அடையை அப்பா உடையாமல் பெட்டிக்குள் திருப்பி வைப்பது அதற்காகத்தான்.

சீவலைத் துணியில் கட்டி வெந்நீரில் போட்டு உருக்கி, ராத்திரி முழுக்க ஆறவிட்டால், காலையில் மஞ்சள் அப்பமாக மேலே மிதக்கும். அடியில் ஒட்டின அழுக்கைக் கத்தியால் சுரண்டிவிட்டு இன்னொரு தரம் உருக்க வேண்டும். இரும்புச் சட்டி ஆகாது, நிறம் கருத்துப்போகும். 62 டிகிரிக்கு மேல்தான் உருகும் என்பதால் பொறுமை வேண்டும். அவசரப்பட்டு நேரே தீயில் வைத்தால் பற்றிக்கொள்ளும். திரிநூலும் பாரபினுக்குப் போடுவதைவிடக் கொஞ்சம் தடிமனாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் நடுவில் குழி விழுந்து அணைந்துவிடும். இவ்வளவு பாடுபட்டு எடுத்ததில் வேறெதையும் கொண்டுபோய்க் கொட்ட எனக்கு மனசு வராது.

பாரபின் திரி கெட்டது என்று நான் சொல்லவில்லை. நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு நாமும் அதைத்தானே கட்டுக்கட்டாக வாங்கிக் கொளுத்துகிறோம்? அதைத் தேன்மெழுகு என்று சொல்லி விற்பதுதான் எனக்கு ஆகாது.

உங்க பாட்டாவை நினைத்துப் பார். 1991-92இல் தேனீப் புழுக்களைக் கொல்லும் ‘தாய் சாக்புரூட்’ என்கிற நோய் வந்தபோது மார்த்தாண்டம் பக்கம் எங்கே பார்த்தாலும் காலிப் பெட்டிதான். அடையின் அறைக்குள் புழு தலையைத் தூக்கினபடி செத்துக் கிடக்கும். ஊசியால் எடுத்தால் தண்ணீர் நிறைந்த பை மாதிரி முழுசாக வரும். வாடிக்கைக்காரர்கள் தேன் கேட்டு வந்துகொண்டே இருந்தார்கள். சர்க்கரைப் பாகைக் காய்ச்சிக் கொடுத்துச் சமாளித்தவர்களும் உண்டு. பாட்டா அதைச் செய்யவில்லை. தேன் இல்லை என்று வாசலில் நின்று சொல்லி அனுப்பிவிட்டு, ரப்பர் பால் வெட்டப் போனார். பெட்டியெல்லாம் கழுவி வெயிலில் காயவைத்து அடுக்கியிருந்தார். பிறகு மரப்பொந்தில் இருந்த கூடுகளைப் பிடித்துவந்து மறுபடி தொடங்கினபோது, அன்றைக்கு வெறுங்கையோடு திரும்பிப் போனவர்கள்தான் முதலில் வந்தார்கள். அந்த வீடுகளுக்கு இப்பவும் நாம்தான் தேன் கொடுக்கிறோம்.

அதனால் கையில் இருக்கிற மெழுகுக்கு எத்தனை திரி வருமோ அத்தனைக்கு மட்டும் ஆர்டர் எடு மக்களே. மற்றவர்களுக்கு அடுத்த சீசன் என்று சொல். விலையை உன் இஷ்டப்படி வை, நான் கேட்கமாட்டேன்.

திரிமேல் சில வாரத்தில் வெள்ளையாக ஒன்று படியும். பூஞ்சணம் என்று பயப்படப்போகிறார்கள். சுத்தமான தேன்மெழுகு அப்படித்தான், மெல்லிய துணியால் துடைத்தால் போய்விடும் என்று வாங்குகிறவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடு. பெட்டியைக் காருக்குள் வைத்துவிட்டுப் போய்விடாதே, அங்கத்த வெயிலுக்கு எல்லாம் வளைந்துவிடும்.

அன்புடன்,
அம்மா