கணக்கெடுப்புக்குப் பின்னால் இருப்பவர்கள்

ஆசிரியருக்கு,

நீர்ப்பறவைக் கணக்கெடுப்புச் செய்திகளில் பறவைகளின் படம் வருகிறது, எண்ணிக்கை வருகிறது. அவற்றை எண்ணும் குழுக்களை வழிநடத்தும் தன்னார்வலர்களைப் பற்றி அநேகமாக ஒரு வரிகூட வருவதில்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

சர்வதேச நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1967-லும், ஆசியக் கணக்கெடுப்பு 1987-லும் தொடங்கின. வழக்கமாக 20,000 நீர்ப்பறவைகளாவது கூடும் ஈரநிலம் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலுக்குத் தகுதி பெறலாம். அந்த எண்ணிக்கை சும்மா கிடைப்பதில்லை. முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அந்தக் கூட்டம் பிடிக்கும் இடத்தை மனதில் வைத்து, மற்றவற்றைப் பத்துப் பத்தாகவோ நூறு நூறாகவோ மதிப்பிட வேண்டும். பருந்து ஒன்று தாழப் பறந்தால் போதும், மொத்தக் கூட்டமும் எழுந்துவிடும். அவை மறுபடி அமரும்வரை புதியவர்களைப் பொறுமையாக நிற்கவைத்து, ஒரே பறவையை இரண்டு முறை எண்ணாமல் பார்த்துக்கொள்வது குழுத் தலைவர்தான்.

அப்புறம் அனுமதிக் கடிதம், படிவங்கள், குப்பை கொட்டினால் புகார் மனு. எல்லாம் வேலை முடிந்து வந்த பிறகு, சொந்தச் செலவில். அவர் ஊர் மாறினாலோ ஓய்ந்துபோனாலோ பல வருடக் குறிப்புகள் அலமாரியிலேயே முடங்கிவிடுகின்றன.

ஒவ்வொரு குழுவும் ஒரு துணைத் தலைவரை இப்போதே பழக்க வேண்டும். தரவுகளைக் கேட்டு வாங்கும் அரசுத் துறைகள் பயணச் செலவையாவது ஏற்கட்டும். அடுத்த கணக்கெடுப்புச் செய்தியில் அந்தத் தலைவர்களிடமும் நாலு வார்த்தை கேட்டு வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்