‘முடுக்கம்’ செயற்கைச் சொல் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடநூல் கலைச்சொற்கள் குறித்துத் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வெளிவந்த வாசகர் கடிதம், ‘முடுக்கம்’ என்பது வழக்கில் இல்லாத செயற்கைச் சொல் என்றும், ‘ஆக்சிலரேஷன்’ என்றே எழுதிவிடலாம் என்றும் கூறுகிறது. ஈரோடு மாவட்டத்தில் முப்பது ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் என்ற முறையில் இதை மறுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முடுகு என்றால் விரைந்து செல். முடுக்கு என்றால் விரைந்து செல்லச் செய். பெருகு, பெருக்கு, பெருக்கம் என்றும், உருகு, உருக்கு, உருக்கம் என்றும் வரும் அதே வாய்பாட்டில்தான் முடுகு, முடுக்கு, முடுக்கம் என்பதும் அமைந்திருக்கிறது. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் இருபது வண்ணங்களுள், அதாவது பாட்டின் ஓசை வகைகளுள், இறுதியாக நிற்பது முடுகு வண்ணம். திருப்புகழில் குற்றெழுத்துகள் அடுக்கடுக்காக வந்து நாவை ஓடவைக்கும் நடையையும் முடுகு என்றே சொல்கிறோம்.

ஏட்டுச் சான்று இருக்கட்டும். எங்கள் கொங்கு நாட்டில் துரத்துவதற்குப் பெயரே முடுக்குவதுதான். ஒருமுறை ஒன்பதாம் வகுப்பில் இச்சொல்லைக் கரும்பலகையில் எழுதிவிட்டு விளக்கத் தொடங்குமுன், ஆடு வளர்க்கும் வீட்டுப் பெண் ஒருத்தி எழுந்து, “ஆட்ட முடுக்குனா ஓடுதுங்களே, அதுங்களா சார்?” என்று கேட்டாள். அதுவேதான் அம்மா என்றேன். மேய்ந்துகொண்டே மெல்ல நடக்கும் ஆடு, பின்னால் கோல் ஓங்கியதும் நடையை ஓட்டமாக மாற்றுகிறதே, அந்த மாற்றம் எவ்வளவு நேரத்தில் எவ்வளவு நிகழ்ந்தது என்பதே முடுக்கம். நேர்சாலையில் மணிக்கு 60 கிலோமீட்டரில் சீராக ஓடும் பேருந்துக்கு வேகம் உண்டு, முடுக்கம் சுழி, அதாவது பூச்சியம், என்பது அதன்பின் அந்த வகுப்புக்கு எளிதில் விளங்கிற்று.

இச்சொல் பிறவினையிலிருந்து பிறந்தது என்பதை நான் பெரிதாக மதிக்கிறேன். முடுக்குவதற்கு ஒன்று வேண்டும். புறவிசை இன்றித் திசைவேகம், அதாவது திசையோடு சேர்த்துச் சொல்லும் வேகம், மாறாது என்று நியூட்டன் சொன்னதும் அதைத்தான். கீழே விழும் கல்லின் வேகம், காற்றின் தடையை விட்டுவிட்டால், ஒவ்வொரு நொடியும் நொடிக்கு 9.8 மீட்டர் கூடுகிறது என்னும்போது, அதை முடுக்குவது புவி என்று மாணவர் தாமே சொல்லிவிடுவர். ‘ஆக்சிலரேஷன்’ என்ற ஒலியை மனப்பாடம் செய்த பிள்ளைக்கு இந்தத் துணை கிடைப்பதில்லை.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் இது ஆர்முடுகல். வேகம் தணிவது அமர்முடுகல். நாம் வேகம் என்பதை அவர்கள் கதி என்றும், நாம் திசைவேகம் என்பதை அவர்கள் வேகம் என்றும் வழங்குவதால் இரு நூல்களையும் சேர்த்துப் படிப்போர் சற்றே தடுமாறுவர். இந்த ஒன்றில் மட்டும் இருவருக்கும் வேர் ஒன்றே.

‘பணிகளை முடுக்கிவிட்டார் ஆட்சியர்’ என்று தாங்களும் அடிக்கடி எழுதுகிறீர்கள். அதற்கு எந்த வாசகரும் விளக்கம் கேட்டதில்லை. ஆகவே ராக்கெட் முதலிய செய்திகளில் முடுக்கத்தைக் குறிக்க வேண்டிய இடத்தில் ‘வேகம்’ என்று பொதுப்பட எழுதாமல், முடுக்கம் என்றே அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
கோபிசெட்டிபாளையம்.