கூலிக் கட்டத்தில் பூஜ்யம்

திருப்பூர்
ஞாயிறு இரவு

அன்புள்ள வசந்தி,

இங்கே எல்லோரும் நலம். அத்தையின் முழங்கால் வலி குறைந்ததா? எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், மறக்காமல் தேய்த்துவிடு. இதைப் போனில் சொன்னால் பாதியிலேயே கணக்குக் கேட்க ஆரம்பித்துவிடுவாய். அதனால்தான் கடிதம். முழுக்கப் படித்த பிறகு வாயைத் திற, கணக்குப்பிள்ளை!

என் பிளஸ் 1 வணிகவியல் பிள்ளைகள் எட்டுப் பேர் துணிப்பை வியாபாரம் நடத்துகிறார்கள். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2021இல் பிளஸ் 1, பிளஸ் 2 மாணவர்களுக்கு ஆளுக்கு 2,000 ரூபாய் கொடுத்துத் தொழில் தொடங்கச் சொன்னார்களே, அந்தச் செய்தியை அனுப்பி, “உன் பிள்ளைகளால் முடியுமா?” என்று சீண்டியவள் நீ. இவர்கள் ஆளுக்கு நூறு ரூபாய் முதல் போட்டுத்தான் ஆரம்பித்தார்கள். அரசின் பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டத்துக்கு யோசனை எழுதி அனுப்பவே முதலில் கூடினார்கள். எழுதியதோடு நிற்க அவர்களுக்கு மனம் வரவில்லை.

2019 ஜனவரியில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. ஆனாலும் எங்கள் தெருக் கறிக்கடையிலும் பூக்கடையிலும் இன்னும் கேரி பேக்தான். இந்த ஊரிலோ துணிக்குப் பஞ்சமில்லை. பனியன் கம்பெனிகளில் வெட்டியது போக மிஞ்சுவதைக் கிலோக் கணக்கில் வாங்கலாம். முதல் பையில் இரண்டு கிலோ வெங்காயம் போட்டுத் தூக்கினார்கள். இழுபட்டு இழுபட்டுத் தரையைத் தொட்டுவிட்டது. பிறகு அடிப்பக்கம் இரட்டைத் துணி வைத்தார்கள், கைப்பிடிக்கு நாடா தைத்தார்கள், ஓரங்களுக்கு ஓவர்லாக் அடித்தார்கள். நாலு கிலோ அரிசி போட்டு நானே தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை.

இனிதான் விஷயம். முதல் மாதக் கணக்கைக் கரும்பலகையில் எழுதச் சொன்னேன். ஒரு பைக்குத் துணி 6 ரூபாய், நூல் ஒன்றரை, நாடா இரண்டரை, ஆக 10. விற்றது 20க்கு. பாதிக்குப் பாதி லாபம் என்று வகுப்பே கை தட்டியது. நான் அடக்க விலைப் பட்டியலில் கூலி என்று ஒரு கட்டம் போட்டு, அதில் என்ன எழுதுவது என்று கேட்டேன். “பூஜ்யம் மிஸ், நாங்களேதானே தைக்கிறோம்” என்றார்கள். வெட்டுவது, தைப்பது, பிசிறு நறுக்குவது எல்லாம் சேர்த்து ஒரு பைக்கு 25 நிமிடம் ஆகிறது. மணிக்கு 48 ரூபாய் என்று வைத்தால்கூடக் கூலி மட்டும் 20. அடக்கம் 30க்குப் போய்விட்டது. பைக்குப் பத்து ரூபாய் நஷ்டம்!

வகுப்பில் சத்தமே இல்லை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். அவள் அம்மா பனியன் கம்பெனியில் தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் வேலைக்குப் போகிறார். போதாததற்குப் பீஸ் ரேட்டுக்கு, அதாவது உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு, துணி மூட்டையை வீட்டுக்கும் கொண்டு வருகிறார். “மிஸ், ராத்திரி அம்மாவோடு உட்கார்ந்து நானும் பிசிறு வெட்டுகிறேன். அந்த நேரம் யார் கணக்கில் வரும்?” என்று கேட்டாள்.

வசந்தி, அடக்க விலைக் கணக்கை நான் எத்தனையோ வருடமாகச் சொல்லித் தருகிறேன். இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. யார் கணக்கிலும் வரவில்லை என்றுதான் பதில் சொன்னேன். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். மாணவர்களைத் தொழிலதிபர்களாக்குவோம் என்று மேடையில் பேசுகிறவர்கள் லாபத்தைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்கள். கூலிக் கட்டத்தை நிரப்பக் கற்றுக்கொண்ட பிள்ளை நாளை முதலாளியானாலும் தொழிலாளியானாலும் ஏமாறாது, ஏமாற்றவும் செய்யாது என்று நான் நம்புகிறேன். இப்போது விலையை 35 ஆக்கிவிட்டார்கள். வேகம் கூடி நேரமும் குறைந்திருக்கிறது. விற்பனை கொஞ்சம் சுருங்கிவிட்டது, உண்மைதான்.

ஆனால் தூக்கத்தைக் கெடுக்கிற விஷயம் வேறொன்று இருக்கிறது. குழுவில் ஒரு பையன், பேச்சில் படு கெட்டிக்காரன். மளிகைக் கடைக்காரர் ஒருவரிடம் பேசிப் பொங்கலுக்கு 300 பை ஆர்டர் வாங்கி வந்துவிட்டான். 18 வயது ஆகாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது என்று 1903இல், வெள்ளைக்காரர் காலத்து உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்ன மோகரி பீபி வழக்கைத் தோழர்களே அவனுக்கு எடுத்துச் சொல்ல, அவன் அம்மா கையெழுத்துப் போட்டார். அதுவரை சந்தோஷம். போன வாரம் அவன் அப்பா பள்ளிக்கு வந்து, “விற்கத் தெரிந்துவிட்டதே டீச்சர், இனி எதற்குப் படிப்பு? சனிக்கிழமையானால் சம்பளம் வாங்கட்டும்” என்கிறார். அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை, அவருடைய கடன் அப்படி. ஆனால் பள்ளிக்கூடத்தை விட்ட பையனுக்கு மறுநாளே வேலை கிடைக்கிற ஊர் இது. ஒன்றரை ஷிஃப்ட் பழகிவிட்டால் திரும்பி வரமாட்டான்.

அமெரிக்காவில் 1919இல் தொடங்கிய ஜூனியர் அச்சீவ்மென்ட் அமைப்பைப் பற்றி முன்பே உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அதில் மாணவர்கள் பங்கு விற்று முதல் திரட்டிக் கம்பெனி நடத்துவார்கள். பள்ளி ஆண்டு முடியும்போது கணக்கை முடித்து, பங்குதாரருக்குப் பணத்தைக் கொடுத்துக் கம்பெனியையே கலைத்துவிடுவார்கள். நன்றாக ஓடுகிற வியாபாரத்தை ஏன் மூட வேண்டும் என்று அன்று நீ சண்டை போட்டாய். ஏன் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரிகிறது. பள்ளியில் நடக்கிற வியாபாரத்துக்கு முடிவுத் தேதி இருந்தே ஆக வேண்டும். ஜனவரி கடைசியில் கலைப்பது என்று பிள்ளைகளை வைத்தே தீர்மானம் எழுத வைத்து, பெற்றோரிடம் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். அந்த அப்பா மட்டும் இன்னும் போடவில்லை. நாளை மாலை அவர் வீட்டுக்குப் போகிறேன்.

உன்னிடம் இரண்டு உதவி வேண்டும். லாபத்தைச் சமமாகப் பிரிப்பதா, உழைத்த மணிக்கணக்குப்படி பிரிப்பதா என்று எட்டுப் பேரும் இரண்டு கட்சியாகிவிட்டார்கள். தைத்தவர்கள் மணிக்கணக்கு என்கிறார்கள், விற்றவர்கள் சமம் என்கிறார்கள். ஆடிட்டர் அலுவலகத்தில் இத்தனை காலம் பங்காளிச் சண்டை பார்த்தவள் நீ, உன் யோசனையை எழுது. ஜனவரி கடைசியில் நேரில் வந்து கணக்கைத் தணிக்கையும் செய்துகொடு. திருச்சியிலிருந்து நேர் பஸ் இருக்கிறது, சாக்குச் சொல்லாதே. வரும்போது நம் தோழி ‘உருண்டை’யையும் இழுத்துக்கொண்டு வா, அவளுடைய பழைய மெஸ் பாக்கியை அப்போதாவது பேசித் தீர்த்துவிடலாம்.

அன்புடன்,
கோமதி